‘கிட்’ மென்பொருளில் ஷெல் போய் ‘சி’ வந்த கதை: பழைய நிரலை மாற்றும்போது சரிபார்ப்பவர் எதைப் பார்க்கிறார்?

ஜார்ஜ்டவுன் – இண்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தனது முதல் ஆலையை 1972ஆம் ஆண்டு பினாங்கில் தொடங்கியது. அன்று முதல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை நம்மவர் பலருக்குச் சோறு போட்டு வருகிறது. தோட்டத்தை விட்டுப் பட்டணம் வந்த தலைமுறை அங்கே உற்பத்தி வரிசையில் நின்று வேலை செய்தது. அவர்களின் பிள்ளைகள், பேரப் பிள்ளைகளில் சிலர் இன்று கணினி நிரல் எழுதும் வேலையில் இருக்கிறார்கள். அந்த வேலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் தினமும் தொடும் ஒரு மென்பொருள் ‘கிட்’.

கிட் ஒரு பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள். ஒரு கோப்பில் யார், எப்போது, எதை மாற்றினார் என்பதை அது ஒன்று விடாமல் பதிந்து வைக்கிறது. தவறு நேர்ந்தால் பழைய நிலைக்குத் திரும்பலாம். பல பேர் ஒரே நேரத்தில் ஒரே திட்டத்தில் வேலை செய்து, பிறகு எல்லாவற்றையும் ஒன்று சேர்க்கலாம். அந்தக் காலத்துத் தோட்டத்தில் கிராணியார் வைத்திருந்த செக்ரோல் புத்தகம் போல இதுவும் ஒரு பதிவேடு. அந்தப் புத்தகத்தில் ஒரு வரி தவறினால் ஒருவரின் சம்பளம் குறையும். கிட்டில் ஒரு வரி தவறினால் ஒருவரின் பல நாள் உழைப்பு காணாமல் போகலாம்.

அப்படிப்பட்ட மென்பொருளின் உள்பாகங்களையே கழற்றி மாற்ற வேண்டி வந்தால் என்ன ஆகும்? கிட்டில் அதுதான் நடந்தது. ஷெல் ஸ்கிரிப்டில் எழுதப்பட்ட அதன் பல கட்டளைகள் ஒவ்வொன்றாக ‘சி’ மொழிக்கு மாற்றப்பட்டன.

தொடக்கத்தில் ஏன் ஷெல்?

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் கிட்டை எழுதத் தொடங்கினார். அதுவரை லினக்ஸ் குழுவினர் பயன்படுத்தி வந்த ‘பிட்கீப்பர்’ மென்பொருளின் இலவச உரிமம் மீட்டுக்கொள்ளப்பட்டதே அதற்குக் காரணம். அதே ஆண்டு ஜூலையில் ஜூனியோ ஹமானோ பராமரிப்புப் பொறுப்பை ஏற்றார்.

அடிப்படை வேலைகளைச் செய்யும் சிறு நிரல்கள் சி மொழியில் எழுதப்பட்டன. பயனர் நேரடியாகத் தட்டச்சு செய்யும் கட்டளைகள் பலவும் அந்தச் சிறு நிரல்களைக் கோத்துக் கட்டிய ஷெல் ஸ்கிரிப்டுகளாக இருந்தன. ஒரு யோசனையை விரைவாக எழுதிப் பார்க்க ஷெல் வசதியானது. மாற்றுவதும் சுலபம்.

பிறகு ஏன் மாற்றம்?

முதல் காரணம் வேகம். ஷெல் ஸ்கிரிப்டில் பெரும்பாலான வரிகள் தனியாக ஒரு நிரலை எழுப்பி, வேலை வாங்கி, அனுப்பி விடும். லினக்ஸில் இதற்கு அதிகச் செலவில்லை. விண்டோசில் புதிய நிரலை எழுப்புவது மெதுவான வேலை. நூறு திருத்தங்களை ஒவ்வொன்றாகச் சேர்க்கும் கட்டளை, ஒவ்வொரு திருத்தத்துக்கும் பல நிரல்களை எழுப்பினால் காத்திருப்பு கூடிக்கொண்டே போகும்.

இரண்டாவது காரணம் ஒத்துப்போகாமை. விண்டோசில் ஷெல்லே இயல்பாகக் கிடையாது. விண்டோசுக்கான கிட் அதையும் கூடவே சுமந்து வர வேண்டியிருந்தது. மேக் கணினியில் உள்ள ‘செட்’ போன்ற சிறு கருவிகளும் லினக்ஸில் உள்ளவையும் சில இடங்களில் வேறு மாதிரி நடந்துகொள்ளும். விண்டோசுக்கான கிட்டைப் பராமரிக்கும் யோஹன்னஸ் ஷிண்டெலின் இந்த மாற்றத்துக்காக நெடுங்காலம் உழைத்தவர்.

மூன்றாவது காரணம் கோப்புப் பெயர்கள். கோப்புக்குத் தமிழில் பெயர் வைத்தால், கிட்டின் பட்டியல் சாதாரணமாக அதை எழுத்தாகக் காட்டாது. மேற்கோள் குறிக்குள் \340\256 என்று எண்களாகக் காட்டும். ‘கோர்.கோட்பாத்’ என்ற அமைப்பை மாற்றினால்தான் எழுத்து தெரியும். ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொரு நிரல் உரையாகப் படிக்கும் ஷெல் முறையில் இத்தகைய பெயர்களும், இடைவெளி உள்ள பெயர்களும் எளிதில் சிக்கல் தரும். சி மொழியில் பெயர் நினைவகத்திலேயே அப்படியே கை மாறுகிறது. நடுவில் உரையாக மாற்றி மீண்டும் பிரிக்க வேண்டிய தேவை குறைகிறது.

மாறிய வரிசை

2015: ‘புல்’, ‘ஏஎம்’ ஆகிய கட்டளைகளை கூகல் கோடைக்கால நிரலாக்கத் திட்டத்தில் பங்கெடுத்த பால் டான் சி மொழிக்குக் கொண்டு வந்தார். அவை செப்டம்பர் மாதம் 2.6 பதிப்பில் வெளிவந்தன.

2018: கிளையை வேறு இடத்தில் ஒட்டவைக்கும் ‘ரீபேஸ்’ கட்டளை டிசம்பரில் வந்த 2.20 பதிப்பில் மாறியது. பிரதிக் கார்க்கி, அல்பன் குருவன் ஆகியோரின் கோடைக்காலத் திட்ட வேலை இதற்கு உதவியது.

2019: முடிக்காத வேலையை ஓரமாக எடுத்து வைக்கும் ‘ஸ்டாஷ்’ கட்டளை ஜூன் மாதம் 2.22 பதிப்பில் மாறியது.

2023: எந்தத் திருத்தத்தில் கோளாறு நுழைந்தது என்று தேடும் ‘பைசெக்ட்’ கட்டளை மார்ச் மாதம் 2.40 பதிப்பில் முழுமையாக மாறியது. இதற்கான மாணவர் வேலை தொடங்கியது 2016இல். ஒருவர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் எடுத்துச் செய்தே அது முடிந்தது.

‘சப்மாட்யூல்’ கட்டளையும் இப்படித்தான் பல கைகள் மாறியது. 2020ஆம் ஆண்டு ஷௌர்ய சுக்லா செய்த பகுதிக்கு கிறிஸ்டியன் கூடேரும் கார்த்திக் சிவராமும் வழிகாட்டிகளாக இருந்தனர்.

சரிபார்ப்பவர் தேடும் ஐந்து இடங்கள்

எழுதியவர் அனுப்பும் நிரலை மற்றவர்கள் வரி வரியாகப் படித்துக் குறை சொல்வது கிட் திட்டத்தின் வழக்கம். முதல் முறையே ஏற்கப்படுவது அரிது. ஷெல்லிலிருந்து சி மொழிக்கு வரும்போது அவர்கள் குறிப்பாகக் கண் வைக்கும் இடங்கள் இவை.

ஒன்று, வரியின் முடிவு. ஷெல்லில் ஒரு கட்டளையின் விடையை மாறியில் பிடித்தால், கடைசியில் உள்ள வரிமுறிவை ஷெல் தானாகவே வெட்டி விடும். சி மொழி அப்படிச் செய்யாது. வெட்ட மறந்தால் கிளையின் பெயரோடு கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டிக்கொள்ளும். பெயர் இருந்தும் “அப்படி ஒரு கிளை இல்லை” என்று நிரல் சொல்லும்.

இரண்டு, ஆம் – இல்லை. ஷெல்லில் ஒரு கட்டளை 0 என்று திருப்பினால் வெற்றி. சி மொழியின் நிபந்தனையில் 0 என்றால் பொய். வரியை அப்படியே பெயர்த்தால் பொருள் தலைகீழாகி விடும்.

மூன்று, நிறுத்தம். ஷெல்லில் அடைப்புக்குறிக்குள் ஓடும் துணை ஷெல் பாதியில் நின்றாலும் வெளியே உள்ள ஸ்கிரிப்ட் தொடர்ந்து ஓடலாம். சி மொழியில் எழுதிய கிட் நிரலில் ‘டை’ என்ற செயற்கூறை அழைத்தால் முழு நிரலும் அங்கேயே முடிந்து விடும். சில இடங்களில் நிறுத்துவது சரி. சில இடங்களில் பிழையை அழைத்தவரிடம் சொல்லி விட்டு, திறந்து வைத்ததைச் சுத்தம் செய்ய வேண்டும்.

நான்கு, நினைவகம். ஷெல் எழுப்பும் ஒவ்வொரு நிரலும் முடிந்தவுடன் அது பிடித்திருந்த நினைவகம் தானாகவே விடுபடும். எல்லாம் ஒரே நிரலுக்குள் வந்த பிறகு, பிடித்ததை எழுதியவர்தான் விட வேண்டும். இதோடு சேர்ந்த இன்னொரு சிக்கலும் உண்டு. கோப்புகளின் நிலையைச் சொல்லும் குறியட்டவணையை ஷெல் காலத்தில் ஒவ்வொரு நிரலும் புதிதாகப் படித்தது. இப்போது ஒரு முறை படித்தது நினைவகத்தில் இருக்கும். இடையில் வட்டில் உள்ளது மாறியிருந்தால், பழைய கணக்கை வைத்துக்கொண்டு நிரல் தவறான முடிவு எடுக்கும்.

ஐந்து, ஆசை. மாற்றும்போதே “இதையும் கொஞ்சம் சீர் செய்யலாமே” என்று தோன்றும். சரிபார்ப்பவர் பெரும்பாலும் தடுப்பார். முதலில் பழையது போலவே ஓட வேண்டும். மேம்பாடு தனித் திருத்தமாக வரட்டும் என்பார். இரண்டும் கலந்தால், பிறகு கோளாறு வரும்போது எதனால் வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

பழையதே தவறாக இருந்தால்?

2.20 பதிப்பின் வெளியீட்டுக் குறிப்பில் இதற்கு ஒரு நல்ல உதாரணம் உள்ளது. ‘ரீபேஸ்’ கட்டளைக்கு ‘ஸ்டாட்’ என்று ஒரு விருப்பத்தேர்வு உண்டு. எவ்வளவு மாறியது என்ற சுருக்கத்தை அது காட்டும். ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரண்டு வரலாறுகளுக்கு இடையில் அதைப் பயன்படுத்தினால், பழைய ஷெல் வடிவம் சத்தமில்லாமல் தவறான விடையைக் காட்டி வந்தது. சி மொழிக்கு மாறிய பிறகு அதே இடத்தில் நிரல் பிழைச்செய்தி சொல்லி நின்றது.

புதிய நிரல் கெட்டுப்போனது போல வெளியே தெரிந்தது. உண்மையில் பழைய தருக்கமே அந்த நிலைமையை எதிர்பார்த்து எழுதப்படவில்லை. பிறகு அது சரி செய்யப்பட்டது. பழைய நிரல் இத்தனை காலம் ஓடியது என்பது மட்டுமே அது சரி என்பதற்குச் சான்று ஆகாது. பழையதையும் படித்துப் புரிந்துகொண்டவர்தான் புதியதைச் சரிபார்க்க முடியும்.

ஆபத்தைக் குறைத்த முறை

எந்தக் கட்டளையும் ஒரே இரவில் மாறவில்லை. பைசெக்ட், சப்மாட்யூல் இரண்டிலும் முதலில் சி மொழியில் ஒரு துணைக் கட்டளை எழுதப்பட்டது. ஷெல் ஸ்கிரிப்டில் உள்ள ஒரு செயற்கூறை எடுத்து அதற்குள் போட்டு, ஸ்கிரிப்ட் அதை அழைக்கும்படி செய்தார்கள். அடுத்த திருத்தத்தில் அடுத்த செயற்கூறு. ஒவ்வொரு படியிலும் சோதனைகள் தேற வேண்டும். ஒரு பகுதிக்குச் சோதனையே இல்லை என்றால், சோதனையை முதலில் எழுத வேண்டும்.

ஏற்கத்தக்க திருத்தம் முதலில் ‘நெக்ஸ்ட்’ என்ற கிளையில் சேர்ந்து பலரின் கையில் ஓடும். பிறகுதான் ‘மாஸ்டர்’ கிளைக்குப் போகும். ரீபேஸ், ஸ்டாஷ் இரண்டுக்கும் வெளியான பிறகும் ஒரு பின்வாசல் இருந்தது. புதியது சரிப்படவில்லை என்றால், ஓர் அமைப்பை மாற்றிப் பழைய ஷெல் வடிவத்துக்கே சிறிது காலம் திரும்பலாம். ஸ்டாஷில் இருப்பது இன்னும் பதிவாகாத வேலை. அது தொலைந்தால் மீட்பது கடினம் என்பதால் இந்தக் கவனம் தேவைப்பட்டது.

நம் இளைஞர்களுக்கு வழி

கோடைக்கால நிரலாக்கத் திட்டம் முன்பு மாணவர்களுக்கு மட்டும் இருந்தது. 2022 முதல், 18 வயதைத் தாண்டிய, திறந்த மூல மென்பொருளுக்குப் புதியவர்கள் மற்றவர்களும் விண்ணப்பிக்கலாம். தொழில்நுட்பத் துறையில் குறைவாக உள்ள பிரிவினருக்காக நடத்தப்படும் ‘அவுட்ரீச்சி’ பயிற்சியிலும் கிட் பங்கெடுத்து வந்துள்ளது. கிட்டில் விண்ணப்பம் போடும் முன் ஒரு சிறு திருத்தத்தைச் செய்து அனுப்பிக் காட்டச் சொல்வார்கள். அந்தத் திருத்தமும், பிறர் சொல்லும் குறைகளுக்கு விண்ணப்பதாரர் எப்படிப் பதில் தருகிறார் என்பதும் கவனிக்கப்படும்.

இதற்குப் பழகப் பணம் தேவையில்லை. கிட்டின் மூல நிரலும் கிட்டிலேயே வைக்கப்பட்டுள்ளது. பழைய பதிப்புகள் எல்லாம் அதில் இருக்கின்றன. 2.5 பதிப்பை எடுத்தால் ‘புல்’ கட்டளை ஷெல் ஸ்கிரிப்டாக இருக்கும். 2.6 பதிப்பில் அதே கட்டளை சி நிரலாக இருக்கும். கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ சி மொழியின் அடிப்படையைப் படித்த ஒருவர், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்து ஷெல்லின் ஒவ்வொரு வரியும் சி நிரலில் எங்கே போனது என்று தேடிப் பார்க்கலாம். பிறகு இடையில் உள்ள திருத்தங்களை ஒவ்வொன்றாகப் படிக்கலாம். எதற்காக மாற்றினார்கள் என்ற விளக்கம் ஒவ்வொன்றின் குறிப்பிலும் எழுதப்பட்டிருக்கும்.