எலிகளின் வம்சமும் ஒரு மரபணுவின் மௌனமும்

"எல்லாம் ரத்தத்துலேயே இருக்கு" என்று யாராவது சொல்லும்போது எனக்கு இரண்டு எலி வம்சங்கள் ஞாபகத்துக்கு வரும். இரண்டையும் தொடங்கி வைத்தவர் ஒரே ஆள்: அமெரிக்க மரபியலாளர் கிளாரன்ஸ் குக் லிட்டில்.

1909-இல் அவர் டிபிஏ எலிகளை உருவாக்க ஆரம்பித்தார். 1921-இல், மாசசூசெட்ஸின் கிரான்பியில் எலிப்பண்ணை நடத்திய அபி லாத்ராப்பின் எலிகளிலிருந்து சி57 பிளாக் வம்சம் பிறந்தது. கூடப்பிறந்த எலிகளையே தலைமுறை தலைமுறையாக இணைசேர்ப்பது, அவ்வளவுதான் முறை. 20 தலைமுறை தாண்டினால் ஒரு வம்சத்தின் எலிகள் எல்லாம் கிட்டத்தட்ட இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. மனிதர்களையும் தேர்ந்தெடுத்துப் பெருக்கி 'மேம்படுத்தலாம்' என்ற யூஜெனிக்ஸ் கொள்கையை லிட்டில் வெளிப்படையாகவே ஆதரித்தார். அந்தக் கொள்கையின் பெயரால் அமெரிக்காவில் 60,000-க்கும் அதிகமானோருக்குக் கட்டாயக் கருத்தடை நடந்தது. அதை மறந்துவிட்டு இந்த எலிகளைப் பற்றி என்னால் பேச முடியாது.

1980-களில், வெளியிலிருந்து ஒரு மரபணுவை எலிக் கருவுக்குள் செலுத்தும் நுட்பம் பரவலானது. 1990-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் அருகே அசீம் சுரானியின் குழு ஒரு விசித்திரத்தைப் பார்த்தது. அப்படிச் செலுத்திய ஒரே மரபணு, டிபிஏ பின்னணியில் நன்றாக வேலை செய்தது. பால்ப்-சி என்ற வேறொரு வம்சத்தில் அடங்கிப்போனது. மரபணுவில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. மெத்தில் என்ற சின்ன வேதிக்குறிகள் டிஎன்ஏ மேல் ஒட்டி, அதன் வாயைப் பொத்தியிருந்தன.

மறு ஆண்டு சிகாகோவில் அர்சுலா ஸ்டோர்ப்பின் குழு, லிட்டிலின் இரு வம்சங்களையே ஒப்பிட்டது. அவர்கள் செலுத்திய மரபணுவின் மேல் சி57 பிளாக் எலிகளில் மெத்தில் குறிகள் குவிந்தன; டிபிஏ-யில் அப்படி இல்லை. இதைத் தீர்மானிக்கும் இடம் 4-ஆம் குரோமோசோமில் இருந்தது.

இதுவும் பரம்பரைதானே என்று கேட்கலாம். ஆமாம், பரம்பரைதான். ஆனால், தனி மரபணு ஒன்றைப் பிடித்து 'நல்லது', 'கெட்டது' என்று முத்திரை குத்த இதில் இடமே இல்லை. கூட இருக்கும் மரபணுக்கள் எவை என்று தெரியாமல், அது பேசுமா பேசாதா என்றே சொல்ல முடியாது. லிட்டில் அவ்வளவு கறாராக வம்சங்களைப் பிரித்து வைத்திருக்காவிட்டால் இந்த வேறுபாடு கண்ணில் பட்டிருக்குமா என்பதும் சந்தேகம்தான்.

கூண்டுக்குள் சீராக வளர்த்த எலிகளிலேயே இதுதான் கதை. ஊர் ஊராகக் கலந்து வந்த மனிதர்களின் வம்சத்தைப் பார்த்து, யார் பிள்ளை பெறலாம் என்று எழுதிய அந்தச் சட்டங்களை நினைத்தா, எனக்கு இன்னும் கோபம்தான் வருது.