தோக்கியோவில் உயர்ந்த கொடி

1958ஆம் ஆண்டு மே மாதத்தின் கடைசி வாரம் இலங்கை மக்களால் எளிதில் மறக்கற்பாலதன்று. தமிழரசுக் கட்சியின் மாநாடு வவுனியாவிலே கூடுவதற்கு ஏற்பாடாகியிருந்தது. அதற்குச் செல்வோரைக் குறிவைத்துப் புகைவண்டிகள் தாக்கப்பட்டன. மே 22ஆந் திகதி பொலன்னறுவைப் புகைவண்டி நிலையத்தில் மூண்ட தீ, சில நாள்களுக்குள் தென்னிலங்கையின் பல பாகங்களுக்கும் பரவிற்று. மே 27இல் அவசரகால நிலை பிரகடனஞ் செய்யப்பட்டது. கொழும்பிலே முகாம்களில் ஒதுங்கிய தமிழர் ஆயிரக்கணக்கில் கப்பலேறிக் காங்கேசன்துறையை அடைந்தனர்.

அதே நாள்களில், யப்பான் நாட்டின் தலைநகராகிய தோக்கியோவிலே மூன்றாவது ஆசிய விளையாட்டு விழா நடைபெற்றுக்கொண்டிருந்தது. மே 24 தொடங்கி யூன் 1 வரை நிகழ்ந்த அவ்விழாவில், உயரம் பாய்தற் போட்டியில் 2.03 மீற்றர் உயரத்தைத் தாண்டி ஒருவர் பொற்பதக்கம் பெற்றார். ஆசிய விளையாட்டு விழாவிலே இலங்கைக்குக் கிடைத்த முதலாவது பொற்பதக்கம் அதுவே. அதனை வென்றவர் யாழ்ப்பாணத்துப் பெரியவிளானைச் சேர்ந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் என்னுந் தமிழர்.

1934ஆம் ஆண்டு ஓகஸ்டு மாதத்தில் பிறந்த அவர், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் மைதானத்திலே பயின்று வளர்ந்தவர். பதினேழே வயதில், 1952இல், பின்லாந்து நாட்டின் எல்சிங்கி நகரில் நடந்த ஒலிம்பிக் விழாவில் இலங்கையின் சார்பிலே கலந்துகொண்டார். 1956இல் மெல்பேண் ஒலிம்பிக் விழாவிலும் போட்டியிட்டார். அதே 1956ஆம் ஆண்டிலேதான் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்னுஞ் சட்டம் இலங்கைப் பாராளுமன்றத்தில் நிறைவேறியது என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது.

அக்காலத்து உயரம் பாய்தல் இன்று நாம் காண்பது போன்றதன்று. தடித்த மெத்தைகள் அன்றில்லை. பாய்ந்தவர் மணற் குழியிலேயே விழவேண்டும். ஆகவே, காலையோ கையையோ முதலில் ஊன்றி விழத்தக்க வகையில், உடலைப் பக்கவாட்டிலேனும் குப்புறவேனும் புரட்டிக் குறுக்குச் சட்டத்தைக் கடந்தனர். முதுகு கீழாகப் பாயும் முறை, அமெரிக்க வீரர் டிக் பொஸ்பரி 1968இல் மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் வென்ற பின்னரே உலகெங்கும் பரவியது. 1952இல் எல்சிங்கியில் ஒலிம்பிக் பொற்பதக்கம் பெற்ற அமெரிக்கர் வோல்ற்றர் டேவிஸ் தாண்டிய உயரம் 2.04 மீற்றர். அவ்விழாவில் மாணவராகக் கலந்துகொண்ட எதிர்வீரசிங்கம், ஆறாண்டுகளின் பின் தோக்கியோவில் தாண்டியது அதனினும் ஒரு சென்ரிமீற்றரே குறைவு. அவர் பெற்ற வெற்றியின் அளவு இதனாற் புலனாகும்.

முதல் வெற்றி ஒரு சிறு நாட்டுக்கு எத்துணைப் பெரிது என்பதற்குப் பெலரூஸ் நாட்டையும் சான்று காட்டலாம். 1991இல் சுதந்திரமடைந்த அந்நாட்டுக்கு முதலாவது ஒலிம்பிக் பொற்பதக்கத்தை ஈட்டித் தந்தவர், 1996இல் அத்லாந்தாவில் ஒற்றையர் படகோட்டப் போட்டியில் வென்ற எக்கத்தரீனா கதத்தோவிச் என்னும் பெண்மணி. அவர் 1992இல் முன்னைய சோவியத் நாடுகளின் கூட்டு அணியில் நின்று வெண்கலப் பதக்கம் பெற்றவர். நான்காண்டுகளின் பின் அவர் வெற்றி மேடையில் ஏறியபோது, ஒரு புதிய நாடே அவரோடு மேடையேறியது.

இலங்கையும் 1958இல் அவ்வாறே மேடையேறியது. ஆனால், ஒரு வேறுபாடு. தோக்கியோவில் அந்நாட்டின் கொடியை உயர்த்தியவருடைய இனத்தவர், அக்கொடியின் கீழேயே வீடிழந்து முகாம்களிற் கிடந்தனர். பதக்கப் பட்டியலில் நாட்டின் பெயர் மட்டுமே பொறிக்கப்படும். அதனை வென்றவரின் மொழி பொறிக்கப்படுவதில்லை. வெற்றியாளனைத் தன் மகன் என்று கொண்டாடும் நாடு, அவன் பேசும் மொழியையும் தன் மொழியாகக் கொள்ளக் கடமைப்பட்டது. அக்கடமை அன்று நிறைவேறவில்லை.

எதிர்வீரசிங்கமோ விளையாட்டைக் கைவிட்டாரல்லர். 1962இல் யகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் மீண்டும் இலங்கைக்காகப் போட்டியிட்டு வெள்ளிப் பதக்கம் பெற்றார். அமெரிக்காவிலே, லொஸ் ஏஞ்சலிசிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திற் பயின்று, கோர்னெல் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டமும் பெற்றார். ஆபிரிக்காவிலும் கல்விப்பணி புரிந்தார். போரினாற் சிதைந்த வடக்குக் கிழக்குப் பகுதிகளின் கல்வியை மீளக் கட்டியெழுப்பும் முயற்சிகளிலும் பிற்காலத்தில் ஈடுபட்டார். 2024இல் அவர் காலமானார்.

வன்னியிலே, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும், இல்ல விளையாட்டுப் போட்டிகளுக்காக மாணவர் மணலைக் கொத்திக் குழி நிரப்பி உயரம் பாயப் பழகும்போது, இவ்வரலாற்றை ஆசிரியர் அவர்களுக்கு எடுத்துக் கூறலாம். தமிழ்ப் பள்ளிக்கூடமொன்றின் மாணவர் இந்நாட்டுக்கு முதலாவது ஆசியப் பொற்பதக்கத்தை ஈட்டித் தந்தார் என்பதையும், அவ்வாரத்திலே இந்நாடு எவ்வாறிருந்தது என்பதையும் அவர்கள் ஒருங்கே அறிதல் வேண்டும். இவற்றுள் ஒன்றை மறைத்து மற்றொன்றைச் சொல்வது வரலாறாகாது.