நோய் என்னும் பெயர்

ஓட்டிசம் மனநோயா, அன்றி மூளையின் வேறொரு பிறவி இயல்பா என்ற விவாதம் வைத்தியர்களுக்கு மட்டும் உரியதன்று. அச்சொல்லின் வரலாற்றைப் புரட்டினால் அதனுள் வர்க்கமும் அதிகாரமும் ஒளிந்திருக்கக் காணலாம்.

1911 இல் சுவிஸ் வைத்தியர் ஒய்கன் புளொய்லர் மனச்சிதைவு நோயின் ஓர் அறிகுறியையே அச்சொல்லாற் குறித்தார். 1943 இல், அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரில் பணியாற்றிய லியோ கன்னர் 11 குழந்தைகளை ஆராய்ந்து, இது பிறவியிலேயே வரும் தனியொரு நிலை என எழுதினார். ஆயினும் பெற்றோரின் அன்பு வறட்சியையும் சுட்டிக்காட்டினார். அந்தப் பொறி மூண்டு தாய்மாரைச் சுட்டது. புரூனோ பெற்றல்ஹைம் 1967 இல் வெளியிட்ட நூலில், இக்குழந்தைகளை நாசி வதைமுகாம் கைதிகளோடு ஒப்பிட்டார். அம்முகாம்களில் தாமே அடைபட்டிருந்த ஒருவர் தாய்மார்மீது அப்பழியைச் சுமத்தியது வேதனைக்குரிய விந்தை! 1977 இல் பிரித்தானியாவில் 21 சோடி இரட்டையரிடையே நடந்த ஆய்வு பரம்பரையின் பங்கை உணர்த்தியது. 1980 இல் அமெரிக்க மனநோய் வைத்தியர் சங்கத்தின் கைநூல் இதனை மனச்சிதைவினின்றும் பிரித்தது. 2013 ஆம் ஆண்டுப் பதிப்பு இதனை நரம்புவளர்ச்சிக் கோளாறு என்கிறது. ஆனால் அந்நூலோ மனக்கோளாறுகளின் கைநூல்.

கன்னர் கண்ட குழந்தைகள் என்னவானார்கள்? 1971 இல் அவரே தேடிப் பார்த்தார். அரசாங்க மனநோய் விடுதிகளில் அடைக்கப்பட்டோர் முன்பிருந்த திறமையும் இழந்து ஒடுங்கிப்போயிருந்தனர். முதற் குழந்தையான டொனால்ட் ட்ரிப்லெற்றின் கதை வேறு. ஒன்பது வயதில் அவன் மிசிசிப்பி மாநிலத்துக் குடியானவத் தம்பதியரிடம் ஒப்படைக்கப்பட்டான். ஓயாது எண்ணும் அவனது பழக்கத்தை அவர்கள் கண்டித்து நிறுத்தவில்லை. சோளக் கொல்லையில் உழுதபடியே வரிசைகளை எண்ண விட்டனர். பின்னர் அவர் பட்டம் பெற்று, வங்கியொன்றிற் பணிபுரிந்து, 2023 இல் தமது 89 ஆவது வயதிற் காலமானார். அந்த வங்கி தாய்வழிக் குடும்பத்தாரோடு தொடர்புடையது என்பதையும் மறக்கலாகாது.

ஓட்டிசத்தை மனநோய் என்பது தவறென்பதே என் துணிபு. ஆனால் பட்டியலிலிருந்து பெயரை அழித்துவிட்டாற் போதும் என்போருடன் நான் உடன்படேன். அமெரிக்கக் கல்விச் சட்டத்தில் 1990 இல் ஓட்டிசம் தனிப் பிரிவாகச் சேர்க்கப்பட்டபோது, ஏழைப் பிள்ளைக்கும் பாடசாலையில் உதவி கோரும் உரிமை வலுப்பெற்றது. பேச இயலாத பிள்ளையோடு அல்லற்படும் ஒரு கூலித் தொழிலாளியிடம், இது வெறும் வேறுபாடுதான் என்று கூறி அவ்வுரிமையையும் பறிக்க நமக்கு என்ன அதிகாரம் இருக்கிறது?