அமெரிக்க மான் வேட்டையில் தூக்கிச் செல்லும் பரண்

அமெரிக்காவில் வெண்வால் மானை வேட்டையாடுவோர் இன்று முதுகில் சுமந்து செல்லும் உலோகப் பரணுக்கு முன்னோடி, ஆணியடித்த மரப் பலகை. கவையுள்ள மரமாகப் பார்த்து, கிளைகளுக்கு நடுவே பலகை வைத்து, ஏறுவதற்கு அடிமரத்தில் குறுக்குச் சட்டங்கள் அடிப்பார்கள். மான் தன் கண்மட்டத்தில் நடக்கும் அசைவைச் சட்டென்று கண்டுகொள்ளும். மேலே அவ்வளவாக நிமிர்ந்து பார்ப்பதில்லை. 15 முதல் 20 அடி உயரத்தில் உட்கார்ந்தால் மனித வாடையும் அதன் மூக்குக்கு எட்டுவது குறையும்.

1900 வாக்கில் வேட்டையாட மானே அரிதான நிலை வந்தது. சந்தைக்காகச் சுட்டதாலும் காடுகள் அழிந்ததாலும் நாடு முழுவதும் எஞ்சியவை 5 லட்சத்துக்கு மேல் இல்லை. அந்த ஆண்டில் வந்த லேசி சட்டம், மாநில விதிகளை மீறிக் கொன்ற விலங்குகளை மாநிலம் விட்டு மாநிலம் விற்பதைத் தடுத்தது. 1937ஆம் ஆண்டின் பிட்மன்–ராபர்ட்சன் சட்டம், துப்பாக்கி, தோட்டா மீதான வரியை வனவிலங்குப் பணிக்கு ஒதுக்கியது. மான்கள் மெல்லப் பெருகின. இன்று ஏறத்தாழ 3 கோடி.

பரணுக்குத் தேவை கூடியது வில்லால். 1934இல் விஸ்கான்சின் மாநிலம் வில் வேட்டைக்கெனத் தனிப் பருவம் ஒதுக்கியது. மற்ற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. வில்லாளிக்கு மான் 20, 30 கஜத்துக்குள் வந்தாக வேண்டும். அவ்வளவு அருகில், தரையில் மறைந்திருப்பது கடினம். ஹாலஸ் வில்பர் ஆலன் 1969இல் காப்புரிமை பெற்ற, கப்பிகள் பொருத்திய கூட்டு வில் சந்தைக்கு வந்தபின் வில் வேட்டைக்காரர்கள் பெருகினர்.

ஆணியடித்த பரணோ இடம்பெயராது. ஓக் கொட்டை உதிரும் இடமும் காற்றின் திசையும் மாறினால் மானின் தடமும் மாறும். மரத்தில் புதைந்த ஆணி அறுவை ஆலையின் ரம்பத்தைக் கெடுக்கும் என்பதால் பொதுக்காடுகள் பலவற்றில் ஆணிக்குத் தடையும் வந்தது. கழற்றி எடுத்துப்போகும் பரண் இதற்கு விடையாயிற்று.

1970களில் பரவிய ஏறு பரண், மரத்தைச் சுற்றிப் பிடிக்கும் சட்டம் கொண்டது. மேலே நிற்பவரின் எடையே பிடியை இறுக்கும். தொடக்கக் கால வகைகளில் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, பாதத்தோடு மாட்டிய மேடையைக் கால்களால் மேலே இழுக்க வேண்டும். பிடி நழுவினால் மேடை கீழே போகும். பின்னர் கைகளால் உயர்த்தும் இருக்கைப் பகுதி தனியாகச் சேர்ந்தது. இரும்பின் இடத்தை அலுமினியமும் பிடித்தது. இவ்வகைக்குக் கிளையற்ற நேர்மரம் வேண்டும். கிளை நிறைந்த ஓக் மரத்துக்குப் பட்டையால் கட்டும் தொங்கு பரண் பொருந்தும். அதற்கு ஏணித் துண்டுகளைத் தனியே சுமக்க வேண்டும். ஏணியோடு சேர்ந்த பரண் ஏற எளிது. கனமானதால் அடிக்கடி இடம் மாற்ற முடியாது.

விழுந்து அடிபட்டவர்கள் பலர். முதலில் வந்த இடுப்புப் பட்டை, விழுந்தவரை மூச்சுவிட முடியாதபடி இறுக்கியது. அதனால் தோள், மார்பு, தொடைகளைத் தாங்கும் முழு உடல் வார் வழக்கத்துக்கு வந்தது. பரண் வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது எந்த வகை மரத்தில் கட்டப் போகிறோம் என்பது. அடுத்தது, அது தாங்கும் எடை. வார் மட்டும் எந்தப் பரணுக்கும் கட்டாயம்; தரையை விட்டுக் கால் எடுக்கும்போதே அதை மரத்தோடு இணைக்க வேண்டும்.