இரவல் வாங்கிய தசைநாண்

உங்கள் பெருவிரலின் நுனியால் சுண்டுவிரலின் நுனியைத் தொட்டுப் பாருங்கள். தொட்டுக்கொள்பவை நுனிகளே ஆனாலும், வேலை நடப்பது மணிக்கட்டை ஒட்டிய அடிமூட்டில். அங்கே டிரபீசியம் என்னும் சிற்றெலும்பின்மீது பெருவிரலின் அடியெலும்பு, ஒரு சேணத்தின்மேல் மற்றொரு சேணத்தைக் கவிழ்த்தாற்போல் அமர்ந்திருக்கிறது. பண்பொழி, தென்காசி வட்டாரத்தில் பீடி சுற்றும் பெண்களின் கைகளைக் கவனியுங்கள். இலையைச் சுருட்டுவதும் நூலைக் கட்டுவதும், பெருவிரல் மற்ற விரல்களுக்கு எதிரே வந்து நிற்பதால்தான் இயலுகின்றன.

இந்த அசைவு போய்விட்டால், அதை மீட்க முடியுமா? இக்கேள்விக்கு விடை கண்ட வரலாற்றில் நம் வேலூருக்குத் தனியிடம் உண்டு.

கொல்லிமலையில் 1914-இல் பிறந்த ஆங்கிலேயரான டாக்டர் பால் பிராண்ட், இலண்டனில் அறுவை மருத்துவம் பயின்று 1946-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். மறு ஆண்டு செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றிருந்தபோது, விரல்கள் மடங்கிப்போன நோயாளி ஒருவர் அவருடைய கையைப் பற்றினார். வலியெடுக்கும் அளவுக்கு இறுக்கமான பிடி! தொழுநோயில் சதை அழுகிப்போவதாகவே அன்று பலரும் எண்ணினர். அப்படியானால் இந்த வலு எங்கிருந்து வந்தது?

தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளில் நன்கு வளரும். கைக்குள் செல்லும் நடு நரம்பு, மணிக்கட்டுக்குச் சற்று மேலே தோலை ஒட்டி வருமிடத்தில்தான் பெரும்பாலும் கெடுகிறது. எனவே பெருவிரலின் அடியிலுள்ள சதைமேடு சூம்பிவிடும். முன்கைத் தசைகளோ நலமாகவே இருக்கும். வலுவுள்ள இடத்திலிருந்து வலுவற்ற இடத்துக்கு இரவல் வாங்கினால் என்ன?

தசையை எலும்போடு இணைக்கும் கயிறே தசைநாண். பெருவிரல் நீங்கலாக, ஒவ்வொரு விரலையும் மடக்க இவ்விரண்டு நாண்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றை, பெரும்பாலும் மோதிரவிரலிலிருந்து எடுத்து, கப்பியில் ஓடும் கயிறுபோல் வளைத்து, உள்ளங்கையின் குறுக்கே கொண்டுபோய்ப் பெருவிரலில் தைப்பார்கள். இம்முறையை அமெரிக்காவில் ஸ்டெர்லிங் பனல் முன்னரே கையாண்டிருந்தார். அதைத் தொழுநோயாளரின் கைகளில் துணிந்து செய்யத் தொடங்கியது 1948-இல், வேலூரில். கட்டைப் பிரித்தபின் நோயாளி மோதிரவிரலை மடக்க நினைப்பார், பெருவிரல் அசையும்! மூளை புதுப்பாடம் கற்கச் சில வாரங்கள் ஆகும்.

கை சீரானவர்களில் சிலர் குறையோடு திரும்பிவந்தனர். கோணல் கையைக் கண்டு பிச்சையிட்டவர்கள் நல்ல கைக்கு இடவில்லை. வேலை கொடுப்பாரும் இல்லை. ஆகவே தச்சு முதலிய தொழில்களைக் கற்பிக்க நவஜீவ நிலையம் தோன்றியது. 1954-இல் விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே இத்தகைய கைகளை அறுவை செய்தார்.

மூட்டுத் தேய்மானத்தில் நிலைமை நேர்மாறு. தசை நலமாயிருக்கும், சேணத்தின் குருத்தெலும்பு தேய்ந்து, மூட்டைக் கட்டியிருக்கும் நார் தளர்ந்து, பெருவிரல் ஆட்டங்காணும். ஐம்பதைக் கடந்த பெண்களிடம் இது மிகுதி. 1949-இல் இங்கிலாந்தின் ஜெர்விஸ், டிரபீசியத்தை முழுவதும் எடுத்துவிடும் முறையை வெளியிட்டார். 1973-இல் அமெரிக்கர்களான ஈட்டனும் லிட்லரும் மணிக்கட்டை மடக்கும் நாணில் ஒரு கீற்றை எடுத்துத் தளர்ந்த நாருக்கு மாற்றாக்கினர். இங்கும் இரவல்தான்! 1986-இல் பர்ட்டன், பெல்லக்ரினி இருவரும் எலும்பை எடுத்த பள்ளத்தில் மீதி நாணைச் சுருட்டி மெத்தையாக வைக்கும் முறையை வெளியிட்டனர்.

இவ்வளவு நுட்பமும் தேவைதானா என்ற ஐயம் பின்னர் எழுந்தது. ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில், எலும்பை மட்டும் எடுத்தவர்களும் ஏறக்குறைய அதே நலம் பெற்றிருந்தனர். சிக்கல்களும் அவர்களுக்கே குறைவு. எம்முறையாயினும், முதலில் பட்டையும் ஓய்வும் மருந்தும் தந்து பார்த்த பின்னரே கத்தி. அதன்பின் சில வாரங்கள் கட்டு. பிடியில் முழு வலு வரப் பல மாதங்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு எனக் கூலி பெறும் பெண்ணிடம் மருத்துவர் முதலில் பேசவேண்டியது இந்த மாதக் கணக்கைத்தான்.