சம்பா கோவில்: ஒரு பெயரைக் காத்தவர்கள்

சம்பா கோவில் என்றதும் சம்பா நெல்லுக்குத் தாவுகிறவர்கள் இருக்கிறார்கள். புதுச்சேரி மிஷன் வீதியில் நிற்கும் ஜென்மராக்கினி மாதா பேராலயத்துக்கும் நெல்லுக்கும் என்ன உறவு? ஒலி ஒத்தால் பொருளும் ஒன்றே என்று முடிவுகட்டுவது ஆராய்ச்சி அல்ல.

‘சம்பா’ புனித பவுலே. போர்த்துக்கீசியர் சொன்ன ‘சான் பாவுலு’ தமிழர் வாயில் தேய்ந்தது. ‘ஒன்பது’ பேச்சில் ‘ஒம்பது’ ஆவதுபோல், பகரத்தின் முன் னகரம் மகரமாயிற்று, கடை உதிர்ந்தது. சான்றுகள் இரண்டு. கேரளத்தில் சேசு சபையார் தங்கிய ஊர் சம்பாளூர். மக்காவு நகரில் இடிந்து நிற்கும் பவுல் கோவிலைச் சீனர் இன்றும் ‘சாம் பா’ என்றே வழங்குகிறார்கள். பிரெஞ்சு வழி என்பாரும் ஒதுங்கலாம். அவ்வழி வந்திருந்தால் ‘சேம்போல்’ என்றல்லவா ஆகியிருக்கும்?

கோவாவின் பவுல் கல்லூரியை ஒட்டி, இந்தியாவில் சேசு சபையாருக்கே ‘பவுலார்’ என்ற பெயர் ஏற்பட்டிருந்தது. இந்தக் கோவிலை நடத்தியவர்களும் அவர்களே; ஆகவே சம்பா கோவில் என்பது பவுலார் கோவில். துய்மா வீதியில் இருக்கும் தேவதூதர்களின் அன்னை ஆலயத்தை ஊரார் ‘கப்ஸ் கோவில்’ என்பது கப்புச்சின் துறவியரை வைத்தே. ஒரே ஊர், ஒரே முறை: நடத்தியவர் பெயரே கோவிலுக்கு.

1692இல் எழுந்த முதல் கோவில் டச்சுக்காரர் கையில் அழிந்தது. பின்னர் எழுந்ததை 1761இல் ஆங்கிலேயர் தகர்த்தனர். இன்றைய கட்டடம் 1791இல் முடிந்தது. இதற்கிடையே 1773இல் சேசு சபையே கலைக்கப்பட்டு, 1776இல் பாரிஸ் வேதபோதக சபையார் பொறுப்பேற்றனர். கல் போயிற்று, பவுலாரும் போயினர். துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் எழுதிய சம்பா கோவில் இன்றும் சம்பா கோவில்தான். காத்தவர் யார்? ஞாயிறுதோறும் பூசைக்குப் போன சனங்கள்.

பூசை என்ற சொல்லையும் பார்த்துவிடுவோம். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் திருப்பலி என்று மாற்றினார்கள். வீட்டில் இன்னும் ‘பூசை பாத்தாச்சா?’ என்றுதான் கேட்கிறார்கள். பூ+செய் என்பார் சிலர். சொல்லாய்வாளர் சார்ப்பாந்தியர் காட்டிய ‘பூசு’ என்னும் வேரே எனக்கு உடன்பாடு. உறுதிபூசுதல், நோயில்பூசுதல் என்று கத்தோலிக்கர் இன்றும் பூசிக்கொண்டுதானே இருக்கிறார்கள்? பூசைக்கு வரவேண்டிய நாளுக்கு அவர்கள் இட்ட பெயர் ‘கடன் திருநாள்’. கடன் என்றால் கடமை: புறநானூறு அறிந்தவர்க்கு விளக்க வேண்டியதில்லை.

கூடும் இடத்தின் பெயருக்கு வருவோம். கோயில் அரசன் இல். ஆனால் கிறிஸ்தவர் கோவில், தொழிலால் பொதியில்: பொது இல். பட்டினப்பாலையின் பொதியிலில் அணையா விளக்கு எரியும், பலர் தொழுவர், வேற்றூரார் வந்து தங்குவர். கிரேக்கத்தில் ‘எக்ளேசியா’ என்றாலும் கூட்டமே. பிரெஞ்சு ‘எக்லீஸ்’ அதன் வழிவந்தது. பொது இல்லில் சுவர் எதற்கு? தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்களைப் பிரித்துவைத்த உட்சுவர் 1745இல் அவர்கள் முறையிட்டபின் சம்பா கோவிலில் இடிக்கப்பட்டது; இதையும் பிள்ளையின் நாட்குறிப்பே சொல்கிறது. கூடிவருவதை விட்டுவிடக் கூடாது என்று எபிரேயர் திருமுகம் அறிவுறுத்துவது, இப்படிப் பிரிவில்லாமல் கூடுவதைத்தான்.

வீட்டிலேயே செபித்தால் போதாதா என்று கேட்பவர்க்கு என் விடை இந்தப் பெயர்தான். தனித்தனியே செபித்தவர்களால் ஒரு பிறமொழிச் சொல் முந்நூறு ஆண்டு நிலைத்திருக்காது. வாராவாரம் கூடி, தாய் பிள்ளைக்குச் சொல்லி, அது நின்றது. சொல்லைக் காத்த கூட்டமே விசுவாசத்தையும் காத்தது. இதில் எனக்கு ஐயமில்லை.