ஏழு கொட்டைகளும் ஒரு மலையும்

விடுமுறைப் பயணம் என்றதும் இக்காலத்தார் மூன்று கேள்விகளைக் கேட்கின்றனர். எவ்வளவு தூரம்? எவ்வளவு செலவு? எங்கே தங்குவது? மூன்றும் வேண்டிய கேள்விகளே. ஆயினும் இவற்றுக்கு முன் கேட்கத்தக்க கேள்வி மற்றொன்று உண்டு. நாம் காணச் செல்லும் மண்ணுக்கும் நமக்கும் உள்ள உறவு யாது? இதற்கு விடை தெரியாமற் சென்றால் பனியையும் பசுமையையும் பார்த்துவிட்டுத் திரும்பலாம். தெரிந்து சென்றாலோ, அதே பனிக்குள் பல நூற்றாண்டுகளின் வரலாறும் கண்ணுக்குப் புலனாகும்.

அம்மையார்குப்பத்திலிருந்து சனி, ஞாயிறு இரு நாட்களில் காப்பி விளையும் மலை ஒன்றைக் கண்டு வரலாம் என்று நண்பர் சிலருடன் கூடித் திட்டமிட்டபோது, நம்முன் இரு மலைகள் நின்றன. ஒன்று சேலத்தை அடுத்த ஏற்காடு. மற்றொன்று கருநாடகத்தின் சிக்கமகளூருக்கு வடக்கே எழும் பாபா புடான் மலை. அரக்கோணத்தில் இரயிலேறினால் காட்பாடி வழியாக ஜோலார்பேட்டை வரை இரண்டுக்கும் வழி ஒன்றே. அங்கே தண்டவாளம் பிரிகிறது. ஒரு கிளை சேலத்துக்கும் மற்றொரு கிளை பெங்களூருக்கும் செல்கிறது. அண்மையும் சிக்கனமும் கருதினால் ஏற்காடே ஏற்றது. 1820-களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் துரை அங்கே காப்பியைப் பயிரிடச் செய்தார். ஆனால் காப்பி இந்நாட்டில் முதன்முதலாக எங்கே வேர் பிடித்தது என்று கேட்டால், மக்கள் மரபு சுட்டுவது பாபா புடான் மலையைத்தான். ஆகவே சற்றுத் தொலைவானாலும் அங்கேயே செல்வது என்று முடிவு செய்தோம். அதற்கு முன் அம்மலையின் வரலாற்றை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது கடமையாயிற்று.

காப்பிச் செடியின் தாயகம் அபிசீனியா எனப்பட்ட எத்தியோப்பியா. ஆனால் அதன் கொட்டையிலிருந்து பானம் செய்து அருந்தும் வழக்கம் வரலாற்றில் தெளிவாகத் தெரிவது பதினைந்தாம் நூற்றாண்டின் ஏமன் நாட்டில். இரவு முழுவதும் விழித்திருந்து திக்ரு செய்த சூஃபிப் பெரியார்கள் உறக்கத்தை விரட்ட இதனை அருந்தினர். மோக்கா துறைமுகத்தின் காவல் வலியாகப் போற்றப்படும் அலீ இப்னு உமர் ஷாதுலி (ரஹ்) அவர்களோடு காப்பியை இணைத்துப் பேசும் மரபு அந்நாட்டில் இன்றும் உண்டு. ஷாதுலியா தரீக்கா காயல்பட்டினத்துக்கும் இலங்கையின் காலிக்கும் அயலானதன்று என்பதை நம் வாசகர்கள் நன்கறிவர். காப்பிக்கு அரபு மொழியில் ‘கஹ்வா’ என்று பெயர். அதுவே துருக்கியர் நாவில் ‘கஹ்வே’ ஆகி, ஐரோப்பியர் வாயில் பலவாறு திரிந்து, இறுதியில் நம் அடுக்களைக்குக் ‘காப்பி’யாக வந்து சேர்ந்தது.

வணக்கத்துக்குத் துணையாக வந்த இப்பானம் எதிர்ப்பின்றி வளர்ந்துவிடவில்லை. ஹிஜ்ரி 917-இல், அதாவது கி.பி. 1511-இல், மக்காவில் சந்தை, ஒழுக்கம் ஆகியவற்றின் கண்காணிப்பாளராக இருந்த கைர் பெக் என்பவர், இரவில் பள்ளியருகே கூடிக் காப்பி அருந்தியோரைக் கண்டு ஐயுற்றார். அறிஞர்களையும் மருத்துவர்களையும் கூட்டி, காப்பி விலக்கத்தக்கது என்ற முடிவைப் பெற்றார். காப்பிக்கொட்டைகள் தெருவில் கொளுத்தப்பட்டன. ஆனால் கெய்ரோவிலிருந்த சுல்தான் இத்தடையை முழுமையாக ஏற்கவில்லை. கூட்டங்களில் ஒழுங்கீனம் நேராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி, பானத்தை அதன் வழியே விட்டுவிட்டார். 1550-களில் இஸ்தான்பூலில் காப்பிக் கடைகள் தோன்றின. 1633-இல் நான்காம் முராது சுல்தான் அங்கும் தடை விதித்துப் பார்த்தார். அரசாணைகள் மறைந்தன, காப்பி நிலைத்தது. அதிகாரம் அஞ்சியது பானத்தையன்று என்பதை ஈண்டு நோக்குதல் தகும். உயர்ந்தோரும் தாழ்ந்தோரும் ஓரிடத்தில் அமர்ந்து பேசத் தொடங்கியதே அதன் அச்சத்துக்குக் காரணம்.

இந்தியாவுக்குக் காப்பிச் செடி வருமுன்பே காப்பிப் பானம் வந்துவிட்டது. ஜஹாங்கீர் அரசவைக்கு ஆங்கிலத் தூதராக வந்த சர் தாமஸ் ரோவுடன் இருந்த எட்வர்டு டெரி என்ற பாதிரியார், சமய ஒழுக்கத்தில் உறுதியுடையோர் மதுவை நீக்கிக் காப்பியை அருந்தினர் என்று எழுதி வைத்திருக்கிறார். இது பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கக் காலத்துச் செய்தி. கொட்டை ஏமனிலிருந்து கப்பலில் வந்தது. செடியை மட்டும் அந்நாட்டார் எளிதில் வெளியே விடவில்லை.

அந்தக் காவலைக் கடந்தவராகவே பாபா புடான் (ரஹ்) அவர்களை மக்கள் மரபு போற்றுகிறது. ஹஜ்ஜுக்குச் சென்று திரும்பும் வழியில் ஏழு காப்பிக்கொட்டைகளை உடலோடு மறைத்துக் கொணர்ந்து, சந்திரதுரோண மலையில் தம் குகைக்கருகே நட்டார் என்பது கதை. இடுப்புக் கச்சையில் என்பாரும் உளர், தாடிக்குள் என்பாரும் உளர். ஆண்டு 1670 என்று பல நூல்களில் காணப்படினும், அக்காலத்து ஆவணமன்று, பிற்கால மரபே அதற்கு ஆதாரம். ஏழு என்ற எண்ணும் பல சமயத்தாரும் புனிதமாகக் கருதுவது. எனவே இதனை எழுத்துக்கு எழுத்து வரலாறாகக் கொள்ள வேண்டுவதில்லை. புனைகதை என்று ஒதுக்கவும் இயலாது. ஏனெனில் 1696-இல் டச்சுக்காரர் ஜாவாத் தீவின் பட்டேவியாவுக்குக் காப்பி நாற்றுகளைக் கொண்டு சென்றது நம் மலபார்க் கரையிலிருந்துதான். அவை வெள்ளத்தில் அழிய, 1699-இல் மறுபடியும் கொண்டு சென்றனர். அதற்கு முன்பே மேற்குத் தொடர்ச்சி மலைப்பகுதியில் காப்பி வேரூன்றியிருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஜாவாவிலிருந்து ஒரு செடி 1706-இல் ஆம்ஸ்டர்டாம் சென்றது. அதன் வழித்தோன்றல் 1714-இல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயிக்குப் பரிசாயிற்று. பின்னர் 1720-களில் அதன் கன்று அட்லாண்டிக் கடல் கடந்து மார்ட்டினிக் தீவை அடைந்தது. அமெரிக்கக் கண்டத்துக் காப்பித் தோட்டங்களில் பெரும்பகுதியின் மூதாதை, இவ்வாறு நம் மேற்குக் கரை வழியாகச் சென்ற செடியாகும்.

நெசவூரிலிருந்து புறப்படும் நாம் இவ்விடத்தில் மற்றொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மோக்காவின் சந்தைக்கு இந்தியக் கப்பல்கள் வெறுங்கையோடு செல்லவில்லை. அவை கொண்டு சென்ற சரக்குகளில் முதன்மையானது பருத்தித் துணி. செங்கடல் நாடுகளின் வெள்ளி இந்திய நெசவாளரை நோக்கிப் பாய்ந்த காலம் அது. அம்மையார்குப்பம் அடங்கிய திருவள்ளூர் மாவட்டத்தின் கடலோரத்திலேயே பழவேற்காடு இருக்கிறது. 1613-இல் டச்சுக்காரர் அங்கே கெல்திரியா என்ற கோட்டையைக் கட்டிச் சோழமண்டலத் துணிகளைக் கீழைத் தீவுகளுக்கு ஏற்றினர். கைலிக்குப் ‘பளையகாட்’ என்று வழங்கும் பெயர் அத்துறைமுகத்தின் பெயரே. மலபாரிலிருந்து காப்பிச் செடியைக் கொண்டுபோனதும் பழவேற்காட்டிலிருந்து துணியைக் கொண்டுபோனதும் ஒரே டச்சுக் கம்பெனிதான். தறிக்கும் தோட்டத்துக்கும் இடையே உள்ள உறவு நாம் எண்ணுவதைவிடப் பழமையானது.

பாபா புடான் மலையில் காப்பி ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் வீட்டுக்கொல்லைப் பயிராகவே இருந்தது. ஆங்கிலேயர் காலத்திலேயே அது பெருந்தோட்டமாயிற்று. 1830-ஐ ஒட்டிக் கானன் என்பவர் அம்மலைக்குத் தெற்கே தோட்டம் அமைத்தார். காடு அழிந்தது, தோட்டம் பெருகியது. கூலிகளாகத் தென் கன்னடத்தாரும் தமிழ் மாவட்டத்தாரும் கங்காணிகளின் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு மலையேறினர். இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கு நம்மவர் நடந்தே சென்ற துயர வரலாறும் அக்காலத்ததே. 1869-இல் அத்தீவில் இலைத்துரு நோய் தோன்றியது. இருபது ஆண்டுகளுக்குள் காப்பி அழிந்து அவ்விடத்தைத் தேயிலை பிடித்தது. துரைமார் பயிரை மாற்றினர், தொழிலாளியின் நிலை மாறவில்லை. இந்நோய் நம் மலைகளையும் விடவில்லை. அதனை எதிர்க்கும் வகைகளைத் தேடியே 1925-இல் சிக்கமகளூர்ச் சீமையின் பாளேஹொன்னூரில் காப்பி ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பெற்றது.

மலையிலிருந்து காப்பி தமிழ்நாட்டுத் தெருவுக்கு இறங்கியபோது நடந்தது என்ன? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பழைய சோற்றைத் துரத்திய பேய் என்று அதனைப் பழித்தோர் பலர். ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்ற தம் நூலில் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார். பழித்தவர் வீட்டிலும் பித்தளை வடிகட்டி குடியேறிவிட்டது. ஆனால் கடையில் எல்லாரும் ஒன்றாக அமர்வது எளிதில் கைகூடவில்லை. பிராமணர் உணவகம் என்ற பெயர்ப்பலகைகள் நெடுங்காலம் தொங்கின. 1957-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் முரளி கஃபே முன் பெரியாரின் தொண்டர்கள் நாள்தோறும் மறியல் செய்து சிறை சென்றது, அப்பெயரில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை நீக்குவதற்காகவே. ஒரு பக்கீர் கொணர்ந்ததாக நாடே சொல்லும் பானத்தை அருந்த வருணம் பார்த்த விந்தையை என்னென்பது! அதே 1957-இல், காப்பி போர்டு மூடிய காப்பி விடுதிகளை, வேலையிழந்த தொழிலாளரே ஏ. கே. கோபாலனின் வழிகாட்டுதலில் கூட்டுறவாக எடுத்து நடத்தத் தொடங்கினர். அதன் முதற்சங்கம் பெங்களூரில் அமைந்தது. நம் பயணத்தின் முதல் காப்பியை அத்தகைய கூட்டுறவு விடுதி ஒன்றில் அருந்த எண்ணியிருக்கிறோம்.

இனி அந்த மலையின் குகைக்கு வருவோம். தாதா ஹயாத் மீர் கலந்தர் (ரஹ்) அவர்களின் இருப்பிடம் என்று முஸ்லிம்களும், தத்தாத்திரேயர் அமர்ந்த இடம் என்று இந்துக்களும் அதனைப் போற்றி வந்தனர். ‘ஸ்ரீ குரு தத்தாத்திரேய பாபா புடான் சுவாமி தர்கா’ என்ற நீண்ட பெயரே அவ்வுறவுக்குச் சாட்சி. 1975-இல் அது வக்ஃபு வாரியத்துக்கு உரியது என்று கொள்ளப்பட்டபோது வழக்கு எழுந்தது. 1980-இல் மாவட்ட நீதிமன்றம், அது இரு சமயத்தாரும் வழிபடும் இடம் என்றும், 1975-க்கு முன்னிருந்த நடைமுறை தொடர வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. பின் வந்த ஆண்டுகளில் ஊர்வலங்களும் முழக்கங்களும் மலையேறின. வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை சென்றன. அவற்றின் நியாயத்தை அளப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் அமைதல் இயலாது. ஒரு குகையை இரண்டு பெயரால் அழைத்தவர்கள் தலைமுறை தலைமுறையாக ஒருவர் தோளை ஒருவர் உராய்ந்தே உள்ளே சென்றனர். அந்த வழக்கம் அழியுமானால் இழப்பு ஒரு சமயத்தாருக்கு மட்டுமன்று.

எல்லைக்கோடு எத்தகையது என்பதை அம்மையார்குப்பத்தாருக்கு எவரும் சொல்லித்தர வேண்டுவதில்லை. படாஸ்கர் பரிந்துரையின்படி 1960 ஏப்ரல் முதல் நாளில் திருத்தணி வட்டாரம் ஆந்திரத்திலிருந்து தமிழகத்தோடு இணைந்தது. கோடு மாறியது. தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் சந்தை மாறவில்லை. அந்த அனுபவத்தோடு மலையேறுவோருக்கு அக்குகையின் பொருள் விரைவில் விளங்கும்.

பயணத் திட்டத்தைச் சுருங்கச் சொல்வோம். வெள்ளி இரவு அரக்கோணத்தில் இரயிலேறினால் விடியலில் பெங்களூர். அங்கிருந்து சிக்கமகளூர் சாலைவழி ஏறத்தாழ 245 கிலோமீட்டர். சனிக்கிழமை பிற்பகலைத் தோட்டங்களுக்கு ஒதுக்கலாம். வெள்ளி ஓக்கு மரங்களின் நிழலில், அவற்றைச் சுற்றிய மிளகுக்கொடிகளின் நடுவே காப்பி வளரும் முறையை அங்கே காணலாம். ஞாயிறு காலை தர்காவும், கருநாடகத்தின் மிக உயர்ந்த சிகரமான முள்ளையனகிரியும். அதன் உயரம் சுமார் 1,930 மீட்டர். அன்று பிற்பகலே மலையிறங்கி இரவு இரயிலைப் பிடித்தால் திங்கள் காலை ஊர் திரும்பலாம்.

காலத்தைத் தேர்வதில் கவனம் வேண்டும். நவம்பர் முதல் சனவரி வரை அரபிக்கா வகையின் செம்பழங்களைப் பறிப்பர். கோடைத் தொடக்கத்தில் முதல் மழை விழுந்த சில நாட்களில் தோட்டம் முழுதும் மல்லிகை போல் வெண்பூ பூத்து மணக்கும். அக்காட்சி சில நாட்களே நிற்கும். சூன் முதல் செப்டம்பர் வரை கடுமழை, அட்டைக் கடி. டிசம்பரில் தத்த ஜயந்தியை ஒட்டிய நாட்களில் மலைப்பாதையில் கட்டுப்பாடுகள் இருக்கும். விடுமுறை நாட்களில் வண்டிகளின் தொகைக்கும் வரம்பு விதிப்பதுண்டு. முன்கூட்டி விசாரித்தே செல்க.

திரும்பும்போது காப்பிப்பொடி வாங்காமல் வருவார் இல்லை. பாபா புடான் கிரி அரபிக்காவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றுள்ளது. சிக்கரி கலவாத அப்பொடியைக் கேட்டு வாங்குக. பழம் பறிக்கும் பெண்டிரில் தமிழ் பேசுவோர் எதிர்ப்பட்டால் இரண்டு வார்த்தை நின்று பேசுக. அவர்கள் பாட்டனார் எந்த ஊரிலிருந்து மலையேறினார் என்று கேட்டறிக. அந்த விடைகள் இன்னும் எந்த நூலிலும் முழுமையாக ஏறவில்லை.